ஈட்டி மரத்தூள்

அக்கா: இங்கயா பிடிக்கணும்?

தங்கச்சி: இன்னும் கொஞ்சம் கீழ. இடுப்பு மாதிரி உள்ள வளையுது பாரு, அங்க. அழுத்தாத. சும்மா பிடிச்சுக்கோ.

அக்கா: சும்மா பிடிக்கத்தான் காலங்காத்தால என்னை பஸ் மாறி வரச் சொன்னியா?

தங்கச்சி: பேசத்தான் வரச் சொன்னேன். நீ லேட்டா வருவேன்னு நினைச்சுப் பசையைத் தடவிட்டேன். இனி நிறுத்த முடியாது, காஞ்சிடும்.

அக்கா: இது முன்பக்கமா, முதுகா?

தங்கச்சி: முதுகு. முன்பலகை முன்னாடியே ஒட்டியாச்சு. இதையும் மூடிட்டா டப்பா முழுசாயிடும். பலகையை இறுக்கிப் பிடிக்கிற அந்த கிளாம்ப்பை எடு... அது இல்ல, நூல்கண்டு மாதிரி சின்னதா இருக்கே, அது.

அக்கா: இந்தா. எனக்கு இன்னும் புரியல, கிட்டார் செய்யத் தெரிஞ்சவ எதுக்கு இந்தக் குட்டியைப் பிடிச்சுட்டுத் தொங்கற? ஒரு தலகாணி அளவுகூட இல்ல.

தங்கச்சி: கிட்டார்ல கொஞ்சம் தப்பினா மறைஞ்சிடும். யுகுலேலேல மறையாது. நாலே நரம்பு, இத்துனூண்டு வயிறு. பலகை ஒரு நூல் தடிச்சாலும் சத்தம் உள்ளயே செத்துடும். அந்த ரோஷம் எனக்குப் பிடிக்கும்.

அக்கா: உனக்கேத்த ஜோடிதான். ஆமா, இத்தனை மாசமா எந்தக் கை பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு? நான் வரேன்னா, வராதக்கா, வார்னிஷ் அடிக்கிறேன், உனக்குத் தலைவலி வரும்னுவே. ஊர்ல இருக்கிற கதவுக்கெல்லாம் நீதான் வார்னிஷ் அடிச்சியோ?

தங்கச்சி: சொல்றேன். அடுத்த கிளாம்ப்.

அக்கா: இந்தா... இது என்னடி சுவர் பூரா கட்டை கட்டையா தொங்குது? போன தடவை வந்தப்போ இந்த வளைஞ்ச அச்சு மட்டும்தான் இருந்துச்சு.

தங்கச்சி: ஜிக்.

அக்கா: அப்படின்னா?

தங்கச்சி: கருவியையோ மரத்தையோ ஆடாமப் பிடிச்சு நிறுத்துற சட்டம். ரம்பத்தை இந்தச் சந்துல விட்டா நேரா மட்டும்தான் போகும். இப்படி அப்படி போகணும்னு நினைச்சாலும் போகாது.

அக்கா: அது ரம்பத்துக்கு. அந்த மேல இருக்கிறது?

தங்கச்சி: உளிக்கு. பலகைக்கு உள்ள மெல்லிசா தாங்குகட்டை ஒட்டுவோம்ல, அதைச் சீவுறப்போ உளி வழுக்காம இருக்க. பக்கத்துல இருக்கிறது கத்திக்கு. கீழ இருக்கிறது அரத்துக்கு. அந்த மணல் பை மணிக்கட்டை வச்சுக்க.

அக்கா: மணிக்கட்டுக்கே ஜிக்கா? பாவாடைக்கு நாடா மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு கட்டி வச்சிருக்கியே. முன்னெல்லாம் வெறும் கையாலதானே செதுக்குவ. நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீ என்னைப் பாத்துக்கிட்டே சீவுவ.

தங்கச்சி: ஆமா.

அக்கா: அப்புறம்?

தங்கச்சி: கை நடுங்குச்சுக்கா.

அக்கா: காட்டு, கையைக் காட்டு.

தங்கச்சி: அக்கா, கையை எடுக்காத. பலகை நகருது... அக்கா, முதல்ல இதைப் பிடி. அப்படியே. கொஞ்சம் இடது பக்கம் தள்ளு. ம், உக்காந்துடுச்சு.

அக்கா: எந்தக் கை?

தங்கச்சி: ரெண்டும். இப்ப இல்ல. இப்பப் பாரு, நீட்டிக் காட்டறேன். நடுங்குதா?

அக்கா: இல்ல... இன்னும் கொஞ்ச நேரம் நீட்டு.

தங்கச்சி: பசை காயுது.

அக்கா: காயட்டும். விரலை விரி.

தங்கச்சி: போதுமா? ஒண்ணும் இல்லக்கா. முதல்லயே சொல்லிடறேன், இது அப்பாவுக்கு வந்த வியாதி இல்ல. டாக்டர் சொல்லியாச்சு, இப்ப நல்லாவும் ஆயிடுச்சு. இப்ப கிளாம்ப்பைக் கொடு. இதை முடிச்சிட்டு முதல்ல இருந்து சொல்றேன்.

அக்கா: சுருக்கமா சொல்லு.

தங்கச்சி: சுருக்கமா சொன்னா நீ குறுக்க குறுக்க கேப்ப. நீளமா சொன்னாலும் கேப்ப. அதனால நீளமாவே சொல்றேன்.

அக்கா: பேச்சு மட்டும் நடுங்கவே இல்ல.

தங்கச்சி: கடைசி கிளாம்ப். அவ்வளவுதான். நீ கையை எடுக்கலாம். அந்த ஈரத்துணியால விரலைத் துடை, ஒட்டிக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு.

அக்கா: உக்காந்துட்டேன்.

தங்கச்சி: மியூசிக் டீச்சர் ஒருத்தங்க இருக்காங்கல்ல, சின்னப் பசங்களுக்குச் சொல்லித் தர்றவங்க. தனக்குன்னு ஒண்ணு வேணும்னு கேட்டாங்க. மகோகனி எல்லாம் வேண்டாம், முதுகும் பக்கப் பலகையும் கருப்பா இருக்கணும், ஈட்டி மரம்தான் வேணும்னாங்க. புது ஈட்டிக்கு நான் எங்க போவேன்? பழைய சாமான் கடைக்காரர் ஒரு பீரோவைப் பிரிச்சு வச்சிருந்தார். பக்கவாட்டுப் பலகை அப்படியே இருந்துச்சு. வாங்கிட்டு வந்து இழைப்புளி போட்டேன் பாரு... உள்ள ஊதாவும் காப்பியும் கலந்த மாதிரி நிறம். வாசனைகூட நல்லா இருந்துச்சு.

அக்கா: மரத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சா உனக்கு வியாதி மறந்துடும்.

தங்கச்சி: மரம்தான் வியாதி. கேளு. அதை மெலிசாக்கணும்ல, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். தூள் மாவு மாதிரி. மூக்கைச் சிந்தினா கருஞ்சிவப்பா வரும். அந்த வாரமே மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. ராத்திரி படுத்தா நெஞ்சுக்குள்ள யாரோ விசில் அடிக்கிற மாதிரி.

அக்கா: அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

தங்கச்சி: சளின்னு நினைச்சேன். முக்குல இருக்கிற கிளினிக்ல காட்டினேன். வாயில வச்சு இழுக்கிற மருந்து ஒண்ணு, மாத்திரை ஒண்ணு. ரொம்ப இழுத்தா போட்டுக்கோங்க, சரியாகலைன்னா திரும்பி வாங்கன்னார். நான் திரும்பிப் போகல. மாத்திரை மட்டும் மருந்துக் கடையில கேட்டு வாங்கிக்கிட்டேன். இழுத்தா ஒண்ணு, இழுக்கப் போகுதுன்னு தோணினா ஒண்ணு, வேலைக்கு உக்காரும் முன்னாடி ஒண்ணு.

அக்கா: மிட்டாயாடி அது?

தங்கச்சி: போட்டா மூச்சு விட முடிஞ்சுதுக்கா. மூச்சு விட முடிஞ்சதும் மறுபடி அதே மரத்தைத் தேய்ப்பேன்.

அக்கா: புத்திசாலி. மேல சொல்லு.

தங்கச்சி: முன்பலகையில நடுவுல ஓட்டை இருக்குல்ல, அதைச் சுத்தி கருப்பு வெள்ளையா வளையம் பதிக்கணும். தலைமுடி மாதிரி கீத்து. அதைச் சாமணத்துல எடுத்துப் பள்ளத்துல வைக்கப் போறேன், நுனி ஆடுது. காப்பி அதிகமாயிடுச்சுன்னு நினைச்சேன். காப்பியை விட்டேன். அப்பவும் ஆடுச்சு. கத்தி வழுக்கி, நல்ல தேவதாருப் பலகையில கீறல் விழுந்துடுச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்தேன். அதுலயும் கீறல்.

அக்கா: மூச்சுக்கு மாத்திரை போட ஆரம்பிச்ச அப்புறம்தானே கை ஆடுச்சு. மாத்திரை ஞாபகம் வரலையா உனக்கு?

தங்கச்சி: அப்பாதான் ஞாபகம் வந்தார்.

அக்கா: அவர் கை நடுங்கினதா.

தங்கச்சி: அவருக்குச் சவரம் பண்ணிவிட்டது நீ. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது நான். பொத்தானைப் போடறப்போ என் முகத்தைப் பாக்க மாட்டார், கூரையைப் பாத்துக்கிட்டு இருப்பார். எனக்கு அந்தக் கூரைதான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எனக்கும் அதுதான்னு.

அக்கா: டாக்டர் யாரு, நீயா?

தங்கச்சி: பயத்துல எல்லாரும் டாக்டர்தான். அப்புறம் ஒண்ணு கவனிச்சேன். சட்டம் பிடிச்ச இடத்துல வேலை நேரா வருது, வெறும் கை பட்ட இடத்துல கோணுது. சரி, எல்லாத்துக்கும் சட்டம் செஞ்சிடலாம்னு ஆரம்பிச்சேன். யாரும் கண்டுபிடிக்க முடியாதுல்ல. ஜிக் செய்யறதுலயே முக்கால்வாசி நேரம் போச்சு.

அக்கா: உன் வீட்டுக்காரருக்கு?

தங்கச்சி: அவர்கிட்ட மூச்சு விடல. எனக்கு லேசா காய்ச்சல்னாலே ஆம்புலன்ஸ் நம்பரைத் தேடுவார். ஜிக்கைப் பாத்துட்டு, என்னமா யோசிக்கறன்னு பெருமைப்பட்டார். போன்ல அவர் தம்பிக்கெல்லாம் படம் எடுத்து அனுப்பினார்.

அக்கா: அடப்பாவமே.

தங்கச்சி: சிரிக்காத. ஆனா கழுத்துக்கு ஜிக் செய்ய முடியல. கழுத்துப்பிடி உள்ளங்கைக்கு அடங்கணும். கத்தியால சீவி, கையில பிடிச்சுப் பாத்து, மறுபடி சீவணும். அதுக்குச் சட்டம் கிடையாது, கைதான். மூணு கழுத்து வெட்டி மூணையும் அடுப்புக்குப் போட்டேன். அப்புறம் கிட்டார்காரருக்குப் போன் பண்ணினேன்.

அக்கா: யாரு, பாலத்துக்குக் கீழ பெரிய பட்டறை வச்சிருக்காரே, மீசைக்காரர்?

தங்கச்சி: அவரேதான். அச்சு, கருவி, மரம், எல்லாத்தையும் எடுத்துக்கோங்க, நான் விடப் போறேன்னேன். ஏன்னு கேட்டார். போரடிச்சிடுச்சுன்னேன்.

அக்கா: உனக்கா?

தங்கச்சி: அவரும் இப்படித்தான் கேட்டார். மறுநாள் வேனை எடுத்துக்கிட்டு வந்தார். ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தார். உளி ஜிக்கைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். டீ போட்டுக் கொடுத்தேன், தட்டுல பாதி கொட்டிடுச்சு. அவர் தட்டுல கொட்டினதையும் சேத்துக் குடிச்சார். குடிச்சிட்டு, டாக்டர்கிட்ட காட்டினியாம்மான்னார்.

அக்கா: நல்ல மனுஷன்.

தங்கச்சி: எதுக்குக் காட்டணும், தெரிஞ்ச வியாதிதான், எங்கப்பாவுக்கு இருந்துச்சுன்னேன். அவர் எந்திரிச்சுட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வா. அவர் ஆமான்னு சொன்னா நான் ஏத்திக்கறேன். நீ சொல்றதுக்கெல்லாம் வண்டியில ஏத்த முடியாது"ன்னுட்டு வெறும் வேனை ஓட்டிக்கிட்டுப் போயிட்டார்.

அக்கா: அவர் சொன்னதும் போனியா?

தங்கச்சி: உடனே எங்க போனேன்? மறுபடி போன் பண்ணி, பாத்தாச்சு, வந்து எடுத்துக்கோங்கன்னேன். சரி, டாக்டர் பேர் என்னன்னு கேட்டார். எனக்குச் சட்டுன்னு ஒரு பேரும் வாயில வரல.

அக்கா: பொய் சொல்லவும் ஒரு ஜிக் செஞ்சிருக்கணும் நீ.

தங்கச்சி: அப்புறம்தான் நரம்பு டாக்டர்கிட்ட போனேன். போர்டைப் பாத்ததும் எனக்கே சிரிப்பு வந்துச்சு. ஊருக்கெல்லாம் நரம்பு கட்டிக் கொடுக்கறவ, தன் நரம்பைத் தூக்கிக்கிட்டு வந்து வரிசையில உக்காந்திருக்கேன்.

அக்கா: தனியாவா போன?

தங்கச்சி: தனியாத்தான். உள்ள கூப்பிட்டார். மூக்கைத் தொடு, என் விரலைத் தொடுன்னார். தாள் கொடுத்து நத்தை ஓடு மாதிரி சுத்திச் சுத்தி வரையச் சொன்னார். ஓடு மாதிரியா வந்துச்சு, முள்ளு முறுக்கு மாதிரி வந்துச்சு. வராண்டாவுல நடக்க விட்டார். அப்புறம் ரெண்டு கையையும் மடியில போட்டுட்டு நூறுல இருந்து தலைகீழா எண்ணச் சொன்னார். நான் எண்ணறேன், அவர் என் கையையே பாக்கறார். என்னென்ன மருந்து சாப்பிடறீங்கன்னார். பையில இருந்து எடுத்து மேஜையில வச்சேன். எழுதிக்கிட்டு இருந்தவர் பேனாவை வச்சிட்டார்.

அக்கா: ஐயோ, இழுக்காத.

தங்கச்சி: நான் இழுக்கல, அவர்தான் இழுத்தார். ஒரு நாளைக்கு எத்தனைன்னு கேட்டார். சொன்னேன். எதுனால மூச்சு இழுக்குதுன்னார். மரத்தூள்னேன். மருந்தை விட்டுட்டு மரத்தைப் பத்திக் கேட்டுக்கிட்டு இருந்தார், எனக்குக் கோபமே வந்துடுச்சு. "உங்கப்பாவுக்குக் கை எப்ப நடுங்கும்?"னார். சும்மா மடியில வச்சிருக்கறப்போ சார், எதையாவது எடுத்தா கொஞ்சம் அடங்கும்னேன். "உங்களுக்கு?"ன்னார். வேலை செய்யறப்போ, நீட்டிப் பிடிக்கறப்போ... சொல்லும்போதே எனக்கு ஏதோ பொறி தட்டுச்சு. மடியில இருக்கிற கையைக் குனிஞ்சு பாத்தேன். அசையவே இல்ல. "அதைத்தான் நானும் இவ்வளவு நேரமா பாத்துக்கிட்டு இருந்தேன். உங்கப்பா வியாதி உங்ககிட்ட இல்லம்மா. அந்த மாத்திரையை அளவுக்கு மேல போட்டா யாருக்கும் கை இப்படித்தான் ஆடும்"னார்.

அக்கா: மாத்திரையா.

தங்கச்சி: மாத்திரை.

அக்கா: மாத்திரைக்குக் காரணம் மூச்சு. மூச்சுக்குக் காரணம் தூள்.

தங்கச்சி: தூளுக்குக் காரணம் பீரோ.

அக்கா: ஒரு பீரோவாடி... ஒரு ஓட்டை பீரோவா நம்மளை இந்தப் பாடு படுத்துச்சு?

தங்கச்சி: அக்கா. அக்கா, மெதுவா. இருமல் வரப் போகுது. சிரிக்கறியா, அழறியா?

அக்கா: எனக்கே தெரியல. தண்ணி கொடு.

தங்கச்சி: இந்தா. நானும் அங்க இப்படித்தான். அவர் முன்னாடி ஓன்னு அழுதுட்டேன். நர்ஸ் ஓடி வந்து, டாக்டர் ஏதோ கெட்ட சேதி சொல்லிட்டார்னு நினைச்சு என் முதுகைத் தடவிக் கொடுத்துச்சு. நல்ல சேதிங்கன்னு சொல்ல வாயே வரல.

அக்கா: அப்புறம் மாத்திரையை விட்டுட்டியா?

தங்கச்சி: நானா எதையும் விடக் கூடாதுன்னு நெஞ்சு டாக்டர்கிட்ட அனுப்பினார். அவர் ஊதச் சொல்லிப் பாத்துட்டு, வேற மருந்து கொடுத்தார், தினமும் இழுக்கிறது. ஈட்டியைத் தொடவே கூடாதுன்னுட்டார். மத்த மரத்துக்கும் முகமூடி, தூளை உறிஞ்சற மிஷின். அதோ மூலையில தும்பிக்கை மாதிரி நிக்குது பாரு. போட்டா பக்கத்து வீட்டு நாய் கத்துது. ஆனா மூச்சு நல்லா இருக்கு.

அக்கா: கை உடனே நின்னுடுச்சா?

தங்கச்சி: கொஞ்சம் கொஞ்சமா. எனக்கு நம்பிக்கை வரல. தினமும் காலையில எழுந்ததும் ஒரு கீத்தைச் சாமணத்துல பிடிச்சுப் பாப்பேன். ஒரு நாள் பிடிச்சேன், அப்படியே நின்னுச்சு. காத்துல கூட ஆடல. அன்னிக்கு ஒரு மகோகனிக் கட்டையை எடுத்து, கத்தியை வச்சு, கழுத்தைச் செதுக்க ஆரம்பிச்சேன். சாப்பிடக்கூட எந்திரிக்கல. பாரு, அதோ.

அக்கா: இதுவா? எடுக்கலாமா?

தங்கச்சி: எடு. பிடிச்சுப் பாரு, கட்டைவிரல் பின்னாடி படற மாதிரி.

அக்கா: வழவழன்னு... கையிலயே ஒட்டிக்குதே. இது ஜிக் இல்லாமயா?

தங்கச்சி: வெறும் கை.

அக்கா: டீச்சர் என்ன சொன்னாங்க? கருப்புதான் வேணும்னாங்களே.

தங்கச்சி: நடந்ததைச் சொன்னேன். வெள்ளையோ கருப்போ, நீங்க மூச்சு விட்டுக்கிட்டே செய்ங்கன்னாங்க. இப்ப ஒட்டினோமே, இது அவங்களுக்குத்தான். அந்த ஈட்டியைக் கிட்டார்காரர் எடுத்துக்கிட்டார். அவர் தூளுக்குள்ளயே படுத்துத் தூங்குவார், ஒரு தும்மல்கூட வராது. போறப்போ உளி ஜிக்கையும் கேட்டார். கொடுத்துட்டேன். திரும்பவும் ஒண்ணு செஞ்சு மாட்டிக்கிட்டேன், அது நல்லாத்தான் இருக்கு.

அக்கா: வீட்டுக்காரருக்குச் சொல்லியாச்சா?

தங்கச்சி: நேத்து ராத்திரிதான் சொன்னேன். முழுசும் கேட்டுட்டு, எழுந்து போய் என் மருந்து எல்லாத்தையும் எடுத்து வச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பிச்சார். இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். அடுத்தது உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. கோபமா?

அக்கா: வருது, மெதுவா வருது. முதல்ல இந்தத் தண்ணி இறங்கட்டும்.

தங்கச்சி: உன்கிட்ட மறைச்சதுதான் எனக்குப் பெருசா உறுத்துச்சு. நீ அப்பாவோட அவ்வளவு பட்டிருக்க. மறுபடியும் உன் தலையில ஏத்த மனசு வரல. உனக்குத் தெரியவே கூடாதுன்னு பாத்துப் பாத்து நடந்துக்கிட்டேன்.

அக்கா: நல்லா நடந்துக்கிட்ட.

தங்கச்சி: ஏன் அப்படிச் சொல்ற?

அக்கா: கடைசியா என் வீட்டுக்கு வந்தப்போ பையை மடியில வச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் அதுக்கடியில சொருகிக்கிட்டு உக்காந்திருந்த. டீ ஆறி ஏடு கட்டிடுச்சு, நீ எடுக்கவே இல்ல. அப்பா பேப்பருக்கு அடியில கையை வச்சுக்குவாரே.

தங்கச்சி: ...அப்பவே தெரியுமா?

அக்கா: நீ படி இறங்கறதுக்குள்ள தெரிஞ்சுடுச்சு.

தங்கச்சி: தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?

அக்கா: கேட்டா நீ இல்லன்னுவ. இல்லன்னு சொல்றவகிட்ட அதுக்கு மேல என்ன பேச? நீயா சொல்ற அன்னிக்குக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். இன்னிக்கு நீ போன் பண்ணி வான்னதும், சொல்லத்தான் கூப்பிடறன்னு புரிஞ்சுது. பஸ்ல வர வழியெல்லாம் மூஞ்சியை எப்படி வச்சுக்கறதுன்னு பழகிக்கிட்டே வந்தேன்.

தங்கச்சி: இத்தனை மாசம் மனசுல வச்சுக்கிட்டுச் சும்மாவா இருந்த?

அக்கா: சும்மா எங்கடி இருந்தேன்... என் வீட்டுக் கீழ் ரூமைக் காலி பண்ணி உனக்குக் கட்டில் போட்டேன். பாத்ரூம் சுவர்ல பிடிச்சுக்கக் கம்பி அடிச்சேன். பழக்க தோஷத்துல அப்பாவுக்கு இருந்த உயரத்துலயே அடிச்சிட்டேன். அப்புறம் நின்னு பாத்தா, நீ குட்டைன்னு ஞாபகம் வந்துச்சு... கழட்டி, உன் உயரத்துக்கு இறக்கி மறுபடி அடிச்சு வச்சிருக்கேன்.